பாசறையும் காடும்: பிரவுன்சீத் தீவு தரும் பாடம்

வேட்டுவரும் வணிகரும் போர்வீரரும் காட்டிலே கூடாரமிட்டுத் தங்கிய வழக்கம் மிகப் பழையது. ஆனால், சிறுவரைப் பண்படுத்தும் நோக்குடன் பாசறை அமைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது இருபதாம் நூற்றாண்டிலேயாம். அவ்வரலாற்றிலே, இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்தினுள் அமைந்த பிரவுன்சீ என்னும் சிறு தீவுக்குத் தனியிடம் உண்டு. சாரண இயக்கம் கருக்கொண்ட இடம் அது. பிற்காலத்திலே சாரணர் காலடி வைக்கவொண்ணாது அடைபட்டுக் கிடந்த இடமும் அதுவே.

1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் திகதி, படைத்தலைவராய்ப் புகழ்பெற்ற பேடன் பவல் அத்தீவிலே ஏறக்குறைய இருபது சிறுவரைக் கொண்டு ஒரு பாசறையைத் தொடங்கினார். செல்வர் பயிலும் பாடசாலைகளிலிருந்து வந்தோரும், உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து வந்தோரும் அங்கே ஒன்றாய் உண்டு உறங்கினர். முன்னையோர் ஒரு பவுணும், பின்னையோர் மூன்று சிலிங் ஆறு பென்சும் கட்டணமாகச் செலுத்தினர். ஓநாய், காளை, குதிரைமலைக்கோட்டான், அண்டங்காக்கை என நான்கு அணிகளாய்ப் பிரிந்து, தடமறிதல், சமைத்தல், உயிர்காத்தல் ஆகியவற்றைப் பயின்றனர். அவ்வனுபவத்தின் பயனாக 1908இல் பேடன் பவலின் சாரணர் கைந்நூல் வெளிவந்தது. 1912இல் மாத்தளையிலே முதற் குழு தோன்ற, இயக்கம் இலங்கையிலும் வேரூன்றிற்று.

பாசறையை விட்டு நீங்குங்கால் சாரணன் அங்கே விட்டுச் செல்லத்தக்கவை இரண்டேயென்று பேடன் பவல் கற்பித்தார். ஒன்று, வெறுமை; அஃதாவது, தங்கியதற்கு எவ்வித அடையாளமும் இராமை. மற்றையது, நிலத்துக்குரியவருக்குச் செலுத்தும் நன்றி. பிறர் நிலத்திலே தங்கும் உரிமை நம்பிக்கையினாலே கிடைப்பதன்றி வேறெதனாலும் கிடைப்பதன்று என்பதே இதன் உட்பொருள்.

அந்நம்பிக்கை எத்துணை மெல்லியது என்பதைப் பிரவுன்சீத் தீவே காட்டிற்று. 1927 முதல் அத்தீவுக்கு உரியவராயிருந்த மேரி பொனம் கிறிஸ்ரி அம்மையார், தனிமையையும் வனவுயிர்களையும் பெரிதும் விரும்பியவர். ஆயினும், இயக்கத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி 1932இல் ஏறக்குறைய ஐந்நூறு சாரணர் அங்கே தங்குவதற்கு இசைந்தார். 1934இல் கடற்சாரணர் சிலர் தங்கியிருந்த வேளையில் தீவிலே பெருந்தீ மூண்டது. மேற்கிலிருந்து கிழக்காகப் பரவிய தீ, தீவின் பெரும்பகுதியை எரித்தது. காற்றுத் திசைமாறியமையாலேயே கிழக்குக் கரையிலிருந்த கட்டடங்கள் தப்பின. தீயை மூட்டியவர் யாரெனத் தெளியப்படவில்லை. சாரணர் கூடாரமிட்ட இடத்திலே அது தொடங்கவுமில்லை. எனினும் பழி அவர்கள் மீதே விழுந்தது. 1961இல் அம்மையார் மறையும்வரை, இருபத்தேழு ஆண்டுகள், தாம் பிறந்த தீவினுள்ளே சாரணர் புக இயலவில்லை.

குற்றம் மெய்ப்பிக்கப்படாத போதிலும் கதவு அடைபட்டது. ஆதலின், பாசறைத் தீயை அணைப்பது ஒரு சிறு கடமையன்று. மேலே சாம்பல் பூத்த தணல், சருகிலும் வேரிலும் நெடுநேரம் கனன்று, பின்னர் காற்றுக்கண்டு எழும். நீரூற்றிக் கிளறி, மீண்டும் நீரூற்றி, கையால் தொட்டுக் குளிர்ச்சி கண்ட பின்னரே அவ்விடத்தை நீங்குதல் வேண்டும். வறண்ட மாதங்களிலே ஊவா மலைச்சரிவின் பத்தனைப் புல்வெளிகள் பற்றியெரிவதைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

காலத்துக்கேற்ப ஒழுக்கமும் வளர்ந்தது. முற்காலக் கைந்நூல்கள், பசுங்கிளைகளை வெட்டிப் படுக்கை அமைக்கவும், கூடாரத்தைச் சுற்றி மழைநீர் வடியக் கால்வாய் தோண்டவும் கற்பித்தன. அந்நாளில் அவை திறமையெனப் போற்றப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் பின்னர், அமெரிக்காவின் காடுகளை நாடுவோர் தொகை பெருகியது. ஒருவர் வெட்டிய கிளை பெருந்தீங்காய்த் தோன்றாது; ஆயிரவர் வெட்டியபோது ஏரிக்கரைகள் மொட்டையாயின. எனவே, தடம் பதியாது தங்குதல் என்னும் கொள்கை அங்கே உருப்பெற்று, 1994இல் அதற்கெனத் தனி அமைப்பும் தோன்றியது. முன்கூட்டித் திட்டமிடல், உறுதியான தரையில் தங்கல், கழிவை முறையாய் அகற்றல், கண்டவற்றை எடுக்காது விடல், தீயின் ஊறு குறைத்தல், வனவுயிரை மதித்தல், பிறர்க்கு இடையூறு செய்யாமை ஆகிய ஏழும் அதன் நெறிகள்.

பிரவுன்சீத் தீவு பின்னர் தேசிய நம்பிக்கை நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1963இல் பேடன் பவலின் துணைவியார் ஒலேவ் அம்மையார் அங்கே சாரணர் பாசறைத் தலத்தைத் திறந்து வைத்தார். இன்று செவ்வணில்கள் வாழும் இயற்கைக் காப்பிடமாய் அத்தீவு விளங்குகின்றது. அதே மண்ணில் இளைஞரும் கூடாரமிடுகின்றனர். காட்டுக்கும் இளைஞர்க்கும் பகையில்லை. ஆனால், ஓர் இரவு தங்குவோரின் ஒழுக்கத்திலேயே, அடுத்த தலைமுறைக்கு அவ்விடம் திறந்திருக்குமா என்பது தங்கியுள்ளது.