லிசு மக்களும் அவர்தம் மொழியும்

வீட்டில் ஒரு மொழியும் வீதியில் வேறொரு மொழியும் பேசுதல் காரியாபட்டி வட்டார மாணவர்க்குப் புதிதன்று. தமிழோடு தெலுங்கும் வழங்கும் ஊர்கள் விருதுநகர் மாவட்டத்தில் பல உண்டு. நாட்டின் கிழக்குக் கோடியிலும் தம் மொழியை வீட்டிலே காத்துவரும் ஒரு சிறு கூட்டத்தார் உளர். அவர்களே லிசு மக்கள்.

அருணாசலப் பிரதேசத்தின் சாங்லாங் மாவட்டத்தில் விஜயநகர் என்றொரு பகுதி இருக்கின்றது. துங்கபத்திரைக் கரையில் இருந்த பேரரசின் தலைநகர் வேறு, இது வேறு. மூன்று புறமும் பர்மிய எல்லை சூழ்ந்த இம்மலைநாட்டில் லிசு மக்கள் சில ஆயிரவரே வாழ்கின்றனர். யோபின் என்பது அவர்களுக்கு மற்றொரு பெயர். அவர்தம் இனத்தார் பர்மாவிலும் தாய்லாந்திலும் உளர். சீனத்தில் மட்டும் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் யுன்னான் மாநிலத்தில், வாழ்கின்றனர்.

லிசு மொழி, லோலோ-பர்மியக் கிளையைச் சார்ந்தது. எனவே பர்மிய மொழிக்கு உறவுடையது. தமிழில் குறிலும் நெடிலும், 'படு', 'பாடு' எனப் பொருளை வேறுபடுத்துகின்றன அல்லவா? லிசுவில் குரலின் ஏற்ற இறக்கமே அப்பணியைச் செய்கின்றது. அத்தகைய குரல்நிலைகள் ஆறு.

இம்மொழிக்கு எழுத்து வந்தது சென்ற நூற்றாண்டிலேதான். 1915-ஆம் ஆண்டையொட்டி, கரேன் இனத்துப் போதகர் பா தாவும் ஆங்கிலப் பாதிரியார் பிரேசரும் அதனை வகுத்தனர். ரோமானியப் பெரிய எழுத்துக்களை நேராகவும் தலைகீழாகவும் நிறுத்தி நாற்பது எழுத்துக்களை அமைத்தனர். முற்றுப்புள்ளி, காற்புள்ளி முதலியவற்றையே குரல்நிலைக் குறிகளாக்கினர். புதிய அச்சு வார்க்க வேண்டுவதில்லை; இருக்கும் அச்சைத் திருப்பிக் கோத்தாற் போதும். சிவகாசி அச்சுக்கூடங்களை அறிந்தவர்க்கு இதன் நயம் எளிதில் விளங்கும். சீன அரசு இவ்வெழுத்தை 1992-இல் ஏற்றது.

எழுத்து கிடைத்த அளவு எளிதில் இந்திய லிசு மக்களுக்கு உரிமை கிடைக்கவில்லை. அசாம் ரைபிள்ஸ் படையினர் 1961-இல் அங்குச் சென்றபோது அவர்கள் முன்பே குடியேறியிருந்தனர். ஆயினும் பர்மாவிலிருந்து வந்த அகதிகளாகவே நெடுங்காலம் கருதப்பட்டனர்; 1994-இல்தான் குடியுரிமை பெற்றனர். 1983-இல் நம்தபா தேசியப் பூங்கா அமைந்தபின், காட்டைக் காப்பதா, அங்கு வாழும் குடிகளைக் காப்பதா என்னும் வழக்கும் எழுந்தது.

நாட்டெல்லைகள் நான்காகப் பிரித்த மக்களை ஒரு மொழி ஒன்றாக வைத்திருக்கின்றது. பேசுவோர் சிலராயினும், அவர்தம் மொழி நம் நாட்டு மொழிகளுள் ஒன்றே என்பதை நாம் மறத்தலாகாது.