அயலான் யார்? தீனபந்து ஆண்ட்ரூஸ் தந்த விடை

'அயல்' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. பக்கத்து வீட்டானும் அயலான். வேற்று நாட்டானும் அயலான். தன் அயலான் யார் என்று வினவிய சட்டவல்லான் ஒருவனுக்கு இயேசுபெருமான் ஓர் உவமையால் விடையிறுத்தார். கள்வரால் அடியுண்டு கிடந்த வழிப்போக்கனைக் கண்டும் குருவும் லேவியனும் விலகிச் சென்றனர். யூதர் வெறுத்த சமாரியன் ஒருவனே அவன் காயங்களைக் கட்டிச் சத்திரத்தில் சேர்த்தான். இன்னான் எனக்கு அயலான் என்று எல்லை வகுப்பதை விடுத்து, துன்புற்றவனுக்குத் தானே அயலானாக வேண்டும் என்பது அவ்வுவமையின் கருத்து.

ஆயின், காயம் விளைப்பது கள்வராயிராமல் நாட்டின் சட்டமாகவே இருந்தால் சமாரியன் யாது செய்வான்? இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டவர் சி. எப். ஆண்ட்ரூஸ். 1871-இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், ஆங்கிலிக்கன் குருவாகி, 1904-இல் டில்லி வந்து கல்லூரி ஆசிரியராய் அமர்ந்தார். 1914-இல் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும் காந்தியடிகளின் பாதம் தொட்டு வணங்கினார். ஆளும் இனத்தவர் ஒருவர் இவ்வாறு பணிந்தமை அங்கிருந்த வெள்ளையரைச் சினமூட்டியது.

1915-இல் தம் நண்பர் பியர்சனுடன் பிஜித்தீவு சென்றார். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அத்தீவுக்கு ஏற்றப்பட்டனர். 1903 முதல் சென்னை வழியாகத் தமிழரும் சென்றனர். வேலையில் தவறினால் அபராதமும் சிறையும் காத்திருந்தன. பினாங்கில் கரையிறங்கிப் புரோவின்ஸ் வெல்லஸ்லிக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற சஞ்சிக்கூலிகளும் இத்தகைய ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்களே. மலாயாவுக்கு அம்முறையில் ஆள்சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது.

கூலிகளின் துயரைச் சிறிது தணித்தால் போதும் என்று ஆண்ட்ரூஸ் அமையவில்லை. 1916-இல் இருவரும் வெளியிட்ட அறிக்கை, ஒப்பந்த முறையே ஒழிய வேண்டும் என்று வற்புறுத்தியது. இந்தியத் தலைவர்களும் மகளிரும் எழுப்பிய கண்டனக் குரலும் அதனோடு சேர்ந்தது. 1917-இல் ஆள்சேர்ப்பு நின்றது. 1920 சனவரி முதல் நாளில் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீங்கின. அன்புக்கட்டளை அரசியற் கடமையாக மாறிய வரலாறு இது. மக்கள் அவரைத் தீனபந்து, அதாவது எளியோரின் உறவினர், என்று அழைத்தனர். அவர் 1940-இல் கல்கத்தாவில் மறைந்தார்.

இன்று பினாங்கின் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் நேப்பாளியரும் வங்காளதேசத்தாரும் ஒப்பந்தத்தின் பேரில் உழைக்கின்றனர். அன்று இக்கரையில் இறங்கிய சஞ்சிக்கூலியின் வழித்தோன்றல் ஆயர் ஈத்தாம் சந்தையில் அவர்களைக் காணும்போது, அயலான் என்னும் சொல்லை எந்தப் பொருளில் வழங்குவான்? உவமையின் வினா இன்னும் விடைக்குக் காத்திருக்கிறது.