நிறுவனம் வாழ்வதும் வீழ்வதும் தலைமையாலேயே!

நடுவர் அவர்களே! "தொழிலாளி சரியில்லேன்னா தலைமை என்ன பண்ணும்?"னு எதிரணி நண்பர் கேட்டார். அவரை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன்.

கலிபோர்னியாவில் ஃபிரிமாண்ட். ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே கார் செய்தது. சில திங்கட்கிழமை லைனை ஓட்டவே ஆள் தேறாது. தப்பு நடந்தாலும் லைன் நிற்கக் கூடாது. அதுதான் அங்கே சட்டம்! 1982-இல் மூடினார்கள்.

1984-இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து, 'நும்மி' என்ற பெயரில் மறுபடி ஓடியது. புது ஆளா எடுத்தாங்க? இல்லீங்க! பெரும்பாலும் அதே ஆளுங்க, அதே சங்கம்! (கைதட்டல்)

மாறினது நிர்வாகம். தலைக்கு மேலே ஒரு கயிறு. தப்பைப் பார்த்தால் சாதாரணத் தொழிலாளியே இழுக்கலாம். உதவிக்கு ஆள் ஓடி வரும். சரியாகலேன்னா மொத்த லைனும் நிற்கும்! 20 சதவீதமாக இருந்த 'ஆப்சென்ட்' 2 சதவீதமாகக் குறைந்தது. 1988-இல் விற்பனை படுத்தபோதுகூட யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சி கொடுத்தார்கள்.

அப்புறம்? 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விலகியது. 2010-இல் டொயோட்டா கதவைச் சாத்தியது. அந்த முடிவைத் தொழிலாளியா எடுத்தான்? திறந்ததும் தலைமை, மூடியதும் தலைமை. தெருவில் நின்றவன் மட்டும் தொழிலாளி! பழியை அவன் தலையில் போடாதீர்கள் என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)