கண்ணீர்ப் புட்டி இல்லீங்க, அத்தர் புட்டி

போன மாசம் சென்னையிலிருந்து வந்த மக ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி கொண்டாந்தா. விரல் நீளம், மெல்லிசான கழுத்து, அடியில உருண்டை. ரோமாபுரி காலத்துப் புட்டியைப் பார்த்து கையால ஊதிச் செஞ்ச நகலாம். கூட வந்த அட்டையில "கண்ணீர்ப் புட்டி"ன்னு போட்டிருந்தது. போருக்குப் போன புருஷனை நினைச்சு அழுத கண்ணீரைப் பொண்டாட்டி சேர்த்து வைக்கிறதாம்!

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா உண்மையில்லை. பழைய கல்லறைகள்ல இந்த மாதிரி புட்டி நிறைய கிடைச்சதால யாரோ கட்டின கதை அது. இதுல இருந்தது வாசனை எண்ணெய். வாசனை சீக்கிரம் பறந்துடக் கூடாது, சொட்டுச் சொட்டா ஊத்தணும். கழுத்து ஒடுக்கமா இருக்கிறது அதுக்குத்தான். கண்ணாடியை ஊதிச் செய்யற வித்தை கி.மு. முதல் நூற்றாண்டுல சிரியா, பாலஸ்தீனக் கரைப்பக்கம் பிறந்தது. அதுக்கப்புறம்தான் இப்படிப்பட்ட புட்டி மலிவாச்சு. நகல்ல மயில்கழுத்து மாதிரி மினுமினுப்பு வச்சிருக்காங்க. அசல் புதுசுல அப்படி இருக்காது. நூற்றுக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள ஈரத்துல கிடந்தா கண்ணாடி அரிச்சு வர்ற நிறம் அது.

புட்டி அவங்க ஊருது. உள்ளே போன சரக்குல கொஞ்சம் நம்ம பக்கத்துது. முசிறியில கப்பல் ஏத்தின சாமான்களை முதல் நூற்றாண்டு கிரேக்க மாலுமி ஒருத்தர் 'பெரிப்ளஸ்'ங்கிற நூல்ல வரிசையா எழுதியிருக்கார். மிளகு, முத்து, யானைத் தந்தம், கங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஜடாமாஞ்சி, அப்புறம் மாலபாத்ரம். இது தமாலபத்திரம்ங்கிற பேர் திரிஞ்சது. நாம பிரியாணிக்குப் போடற பிரிஞ்சி இலையோட வகைன்னு சொல்றாங்க. ஜடாமாஞ்சியும் இந்த இலையும் ரோமாபுரி அத்தருக்குப் போச்சு. பதிலுக்கு வந்த காசு நம்ம மலைக்குக் கீழேயே கிடைச்சிருக்கு. கோயமுத்தூர் பக்கம் வெள்ளலூர்ல 1842ல தோண்டினப்ப 500க்கும் மேல ரோமானிய வெள்ளிக்காசு வந்தது.

ரோமாபுரி எழுத்தாளர் பிளினி இந்த வியாபாரத்தைப் பார்த்து வயிறு எரிஞ்சவர். சில அத்தர் ஒரு ராத்தல் 400 டினாரியஸுக்கு மேல போகுதுன்னு எழுதினார். அன்னிக்கு ஒரு சிப்பாய்க்கு வருஷச் சம்பளமே 225தான்! அதுவும், பூசினவனுக்கே அந்த வாசனை தெரியறதில்லை, பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான்னு ஒரு குத்தல். வருஷம் 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா இழுத்துக்குது, அங்க வாங்கின சரக்கு இங்க நூறு மடங்கு விலைக்குப் போகுதுன்னும் புலம்பியிருக்கார்.

நூறு மடங்குன்னு படிச்சதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் ஒரு ஏக்கர்ல தேயிலை வச்சிருக்கேன். கிலோ பச்சைத் தேயிலைக்கு என் கைக்கு வர்றதும், டவுன்ல அழகான டப்பாவுல விக்கிறதும் எனக்குத் தெரியும். வாங்கினவன் புலம்பல் ரெண்டாயிரம் வருஷமா புத்தகத்துல நிக்குது. காட்டுல இலை பறிச்சவனுக்கு என்ன கிடைச்சுதுன்னு பிளினியும் எழுதல, அந்த மாலுமியும் எழுதல.

புட்டி சும்மா இருக்க வேண்டாம்னு நம்மூர் கற்பூரத் தைலம் கொஞ்சம் ஊத்தி வச்சேன். அந்த மரமே 1843 வாக்குல ஆஸ்திரேலியாவிலிருந்து இங்க வந்ததுதான். வெயில் பட்டா வாசனை கெடும், நிழல்ல வைன்னு பிளினி சொல்றார். அதனால ஜன்னல்லேருந்து எடுத்து சாமி மாடத்துக்கு மாத்திட்டேன். நகல் செஞ்சவங்க மூடி மட்டும் கொடுக்கல. கொய்யாக் குச்சியைச் சீவி அடைச்சிருக்கேன்.