மூக்கும் சாதியும்

'ஆளைப் பார்த்தாலே என்ன சாதின்னு தெரியுமே' என்கிற பேச்சுக்கு விஞ்ஞான அங்கி போர்த்தியவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. மூக்கு அகலமாக ஆகச் சாதி தாழும் என்று 1891இல் வங்காளத்துச் சாதிகளை வரிசைப்படுத்தினார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஆணையர் அவர்தான்.

1948இல் தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்த அம்பேத்கர் இந்த அளவுகோலைத் தூக்கி எறிந்துவிடவில்லை. குர்யே தொகுத்திருந்த மூக்களவுகளையே எடுத்து, பிராமணரையும் தீண்டப்படாதாரையும் மாகாணவாரியாக ஒப்பிட்டார். இரு தரப்பும் ஒரே இனம் என்றன அந்த எண்கள். கோல் சரியென்றால் தீண்டாமைக்கு இனமே காரணம் என்பது பொய். கோல் தப்பென்றால் அந்தக் கொள்கைக்கு ஆதாரமே கிடையாது.

இதைத்தான் விமர்சனம் என்கிறோம். ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவைத்துக்கொண்டும் இரக்கப்படலாம்; விமர்சனமோ அதன் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கும். காரணம் உடம்பில் இல்லையென்று ஆனபின் வரலாற்றில்தான் தேடியாக வேண்டும். அம்பேத்கர் அங்கேதான் தேடினார். மனிதர் செய்து வைத்தது என்றால் மனிதரால் அதைக் கலைக்கவும் முடியும்.