மடுல்சீமையில் பிறந்த எமிலி

கங்காணி காலத்துத் தோட்டப் பேர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கருப்பன், வெள்ளையன், சின்னான், பெரியான், செவத்தாயி. எல்லாம் பண்புகள்தான். ஒரு விகுதி ஒட்டியதும் பண்பு எழுந்து ஆளாக நடக்கத் தொடங்கிவிடுகிறது. எழுத்தறியாதவர் வழக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தொல்காப்பியம் குறிஞ்சிக்குத் தெய்வமாகச் சொன்ன சேயோன் சிவந்தவன். முல்லையின் மாயோன் கரியவன். செவத்தாயி நல்ல குடும்பத்துப் பெயர்தான்.

ஒரே லயத்தில் இரண்டு கருப்பன் இருந்தால் இளையவன் சின்னக் கருப்பன். இரண்டு சின்னான் இருந்தால் அவர்களில் ஒருவன் கருப்புச் சின்னான். இரண்டு பெயரிலும் இருப்பவை அதே இரண்டு பண்புகள். எது ஆளாகிறதோ அது பின்னால் போய் நிற்கிறது. மற்றது அடைமொழியாக முன்னால் வருகிறது.

இங்கிலீஷில் இவ்வளவு தாராளம் இல்லை. ஏழை என்னும் அடைமொழிக்கு முன்னால் 'த' போட்டால் ஏழைகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஓர் ஏழையைத் தனியே கூப்பிட அதனால் ஆகாது. அடைமொழிகள் வரிசையில் நிற்பதிலும் கெடுபிடி உண்டு: அளவு முன்னே, நிறம் பின்னே. டோல்கீன் ஏழு வயது வாக்கில் ஒரு டிராகன் கதை எழுதினாராம். தாயார் டிராகனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், 'பச்சைப் பெரிய' என்று எழுதக் கூடாது, 'பெரிய பச்சை' என்றே எழுத வேண்டும் என்று மட்டும் திருத்தினார். ஏன் என்பது பல காலம் ஆகியும் அவருக்குப் புரியவில்லை. கருப்புச் சின்னானைத் தெரிந்தவர் எவராவது அவருக்குக் கொஞ்சம் உதவியிருக்கலாம்.

இப்போது பசறைக்கு மேலே, மடுல்சீமைக்கு வருவோம். இன்று அங்கே கண்ணுக்கு எட்டும்வரை தேயிலை. 1869இல் அது கோப்பி மலை. அந்த வருடம் அங்கே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடிபொடியாகப் புள்ளிகள் கண்டன. விரலால் தொட்டால் ஒட்டும். இலை உதிரும், இலை இல்லாத மரம் காய்க்காது. பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த துவெயிட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அவற்றை ஆராய்ந்தவர் பெர்க்லி பாதிரியார். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழிந்தபோது அதற்குக் காரணம் ஒரு பங்கசு என்று 1846இலேயே வாதாடியவர். அவரும் புரூம் என்பவரும் சேர்ந்து மடுல்சீமைப் பங்கசுக்குப் பெயர் வைத்தார்கள்: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கை. கிரேக்கத்தில் 'ஹெமி' என்றால் பாதி, 'லெயோஸ்' என்றால் வழவழப்பானது. நுணுக்குக்காட்டியில் அதன் வித்தி ஆரஞ்சுச் சுளை போலத் தெரியும்; முதுகுப் பக்கம் சொரசொரப்பு, வயிற்றுப் பக்கம் வழுவழுப்பு. ஆக, ஹெமிலியா என்றால் பாதி வழவழப்பானவள். கருப்பாயி மாதிரியே, பண்பு ஆளாகிவிட்டது. வாஸ்டாட்ரிக்ஸ் லத்தீன்: பாழாக்குகிறவள். இது பிறவியிலேயே பெயர்ச்சொல். இங்கே அடைமொழி வேலைக்கு அமர்த்தப்பட்டு, லத்தீன் முறைப்படி பின்னால் நிற்கிறது. அடைமொழியாய் இருக்க வேண்டியது பேராகவும், பேராய் இருக்க வேண்டியது அடைமொழியாகவும் இடம் மாறிவிட்டன. பாதிரியாரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடிக்கு அடியில் அவர் கண்டது வழுவழுப்பை. பாழானதைத் தோட்டத்தில் நின்றவர்கள்தான் கண்டார்கள்.

அப்படிக் கண்ட கோப்பித் தொரைமார் பேரைத் தங்கள் வாய்க்கு ஏற்பத் திருப்பிப் போட்டார்கள். அவர்கள் வைத்த பட்டம் 'டெவஸ்டேட்டிங் எமிலி'. அழிவு இங்கிலீஷ் முறைப்படி முன்னே வந்துவிட்டது. பாதி வழவழப்பு அடையாளமே தெரியாமல் எமிலி என்ற வெள்ளைக்காரப் பெண்ணாகிவிட்டது. தமிழில் சொல்வதானால் பாழாக்கும் எமிலி. பகிடியாகத்தான் வைத்தார்கள், ஆனால் எமிலி பகிடிக்காரி இல்லை. சில வருடங்களில் தீவின் கோப்பி மலைகள் முழுவதும் ஏறிவிட்டாள். கோப்பியை நம்பிக் கடன் கொடுத்த ஓரியண்டல் பாங்கு 1884இல் கதவைச் சாத்தியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலை, கோப்பி பட்டுப்போன நிலங்களில் இறங்கியது. கோப்பி பறித்த கைகளில் கொழுந்துக் கூடை வந்தது.

எமிலி பிறகு கடலும் தாண்டினாள். 1970இல் பிரேசிலின் பஹியாவில் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவினாள். ஸ்பானிஷ் பேசும் கோப்பி விவசாயிகள் அவளை 'ரோயா' என்கிறார்கள். துரு என்று பொருள். அந்தச் சொல்லின் வேர் 'ரூபேயா' என்னும் லத்தீன் அடைமொழி. செந்நிறமானவள் என்பது அதன் பொருள், அதுவும் பெண்பால்.

செவத்தாயி.