ஒரே சாலையில் இரண்டு ஊரடங்கு

கொரோனா பேச்சை எடுத்தாலே, "முழுசா மூடினது சரியா, பாதி மூடினது சரியா?" என்று எங்கள் நடைப்பயிற்சி வட்டத்தில் இன்றும் வழக்கு நடக்கிறது. இதற்குச் சாட்சி சொல்ல நம் பாண்டியை விடப் பொருத்தமான ஊர் இல்லை. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இரண்டு அரசாங்கம், இரண்டு ஊரடங்கு.

2020 மார்ச் அடைப்பு நாட்டுக்கே பொதுவானது. ஆகஸ்டில் நாராயணசாமி அரசு செவ்வாய்க்கிழமைதோறும் முழு ஊரடங்கு என்றது. செவ்வாயன்று வீதிகள் வெறிச்சோடின. ஆனால் திங்கள் மாலை பெரிய மார்க்கெட் பக்கம் கால் வைக்க இடமில்லை. கூட்டம் கலையவில்லை, கிழமை மாறியது.

உண்மையான சோதனை 2021 மே மாதம். சுமார் பன்னிரண்டரை லட்சம் மக்கள் உள்ள பிரதேசத்தில் ஒரே நாளில் 2,000 பேருக்குத் தொற்று. மே 10 முதல் இங்கே மளிகை, காய்கறிக் கடைகளுக்குப் பகல் 12 மணி வரை அனுமதி. தமிழ்நாட்டில் மே 24 முதல் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு. அங்கே காய்கறி வண்டியில் தெருவுக்கே வந்தது. இங்கே எல்லோரும் அந்தச் சில மணி நேரத்துக்குள் முண்டியடித்தோம். எங்கள் தெருவில் மாலையில் இட்லி விற்ற அம்மாவுக்கு வியாபாரமும் இல்லை, நோய் பயமும் போகவில்லை. நான்கு பகுதிகளிலும் சேர்த்துக் கொரோனாவில் இறந்தோர் 1,900-க்கும் மேல். அதில் ஏறக்குறைய பாதி, 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்றே மாதத்தில்.

2022 ஜனவரியில் ஒமிக்ரான். தமிழ்நாட்டில் 9, 16, 23 ஆகிய மூன்று ஞாயிறும் முழு ஊரடங்கு. நம் பக்கம் இரவு ஊரடங்கோடு சரி. ஞாயிறன்றும் கடைகள் திறந்திருந்தன. அந்த முறை பழைய சாவு ஓலம் கேட்கவில்லை.

"பார்த்தீங்களா, தளர்வுதான் ஜெயிச்சது" என்பார் நண்பர் ஒருவர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒமிக்ரானின் வீரியம் குறைவு. அதோடு, 1973-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2021 டிசம்பரிலேயே புதுச்சேரி தடுப்பூசியைக் கட்டாயமாக்கிவிட்டது. மக்கள் உடம்பில் கவசம் ஏறிய பிறகு தளர்வு தாங்கும். கவசம் இல்லாத நேரத்தில் நேரத்தைச் சுருக்கினால் கூட்டம்தான் நெருங்கும்.

என் கணக்கு இதுதான்: மருந்து கைக்கு வராத நாளில், வீடு தேடி உணவு வர ஏற்பாடு செய்துவிட்டுச் சில நாள் முழுசாக மூடலாம். மருந்து வந்த பிறகு அன்றாடங்காய்ச்சியின் வயிற்றில் அடிக்க யாருக்கும் உரிமையில்லை. அரைகுறையாக மூடினால் உயிரும் போகும், பிழைப்பும் போகும்.